தப்பிப்போன மீனும் நரம்பின் நுனியும்



பிடிபட்ட மீனைவிடத் தப்பிப்போன மீனே எப்போதும் பெரியது. தூண்டில் போடுகிறவர்கள் எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்; இல்லையென்று சொல்லமாட்டார்கள். சட்டியிலே வேகிற மீன் சாண் நீளம். நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிய மீனோ முழ நீளம். வீடு வந்து சேருமுன் அது ஒன்றரை முழமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கதை சொல்லும்போது இரண்டு முழத்துக்குக் குறையாது.

நம் பங்கு வாலிபர்களில் சிலர் விடுமுறை நாட்களில் கம்பும் ரீலுமாக ஏரிக்கரைக்குப் போய் வருகிறார்கள். நல்ல பொழுதுபோக்கு; மதுக்கடைக்கும் சூதாட்டத்துக்கும் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆகையால் அவர்களைக் குறைகூறும்படி இதை எழுதவில்லை. ஆனால் கம்பையும் நரம்பையும் முள்ளையும் கையாளுகிறதில் மனிதர் செய்யும் வெட்கக்கேடான சிறு பிழைகளைக் கவனித்துப் பார்த்தால், அவற்றுக்குள்ளே ஒரு பெரிய ஞானப்பாடம் அடங்கியிருக்கிறது. தூண்டிலைத் தொட்டறியாதவர்களுக்கும் அந்தப் பாடம் வேண்டியதே.

மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று என்று ஒருவர் சொன்னால், அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்கவேண்டும்: "நரம்பின் நுனியைப் பார்த்தீரா?" அந்த நுனி பொய் சொல்லாத சாட்சி. அது பன்றிக்குட்டியின் வாலைப்போலச் சுருண்டிருந்தால், நரம்பு அறவேயில்லை. நீர் போட்ட முடிச்சு வழுக்கி அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். நுனிக்கு மேலே ஒரு சாண் தூரம் விரலால் உருவிப் பார்க்கும்போது சொரசொரவென்றிருந்தால், கல்லிலும் கட்டையிலும் உராய்ந்து முன்னமே நைந்துபோயிருந்த நரம்பை நீர் பாராமல் விட்டுவிட்டீர் என்று அர்த்தம். இரண்டிலும் மீனின்மேல் குற்றமில்லை. அது மீன் செய்யவேண்டியதைச் செய்தது. குற்றம் கரையில் நின்றவருடையது. அதுவும் மீன் வருவதற்கு வெகுநேரம் முன்பே செய்யப்பட்ட குற்றம்.

ஆனால் நம்மில் எத்தனைபேர் நுனியைப் பார்க்கிறோம்? மீனின் நீளத்தைக் காட்ட இரண்டு கைகளையும் விரிக்கிறோமே தவிர, கையிலிருக்கும் நுனியைக் கண்ணருகே கொண்டுபோகிறதில்லை.

முடிச்சைப்பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். முற்காலத்தில் ஐரோப்பாவில் தூண்டில்காரர்கள் குதிரைவால் முடியையும், பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுத்தெடுத்த நரம்பையும் உபயோகித்தார்கள். அந்தப் பட்டுப்புழு நரம்பு உலர்ந்திருக்கும்போது விறைப்பாயிருக்கும். தண்ணீரில் ஊறவைத்தால்தான் முடிச்சுக்கு இணங்கும். ஆகவே வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் அவர்கள் பொறுமையாக ஊறவைத்தே கட்டினார்கள். 1938-ம் ஆண்டில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியார் நைலானை உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்குப்பின் வந்த நைலான் நரம்பை ஊறவைக்கத் தேவையில்லை. அதுவே பிழைக்கு வாசலாயிற்று. உலர்ந்த நைலானில் முடிச்சுப் போட்டு வெடுக்கென்று இழுத்தால், நரம்பு நரம்போடு உராய்ந்து சூடேறி, அந்த இடத்திலேயே பலம் குன்றிப்போகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு அழகான முடிச்சு. சிறு கெண்டை கடித்தால் தாங்கும். பெரிய விரால் கடித்தால் கைவிடும். அனுபவசாலிகளோ இறுக்குமுன் முடிச்சை வாயில் வைத்து எச்சிலால் நனைத்து மெல்ல இழுப்பார்கள். இதற்கு ஒரு கணநேரம் போதும். அந்த ஒரு கணத்தைச் செலவிட மனமில்லாமல்தான் நாள்முழுதும் காத்திருந்த மீனை இழக்கிறோம்.

இன்னொரு பிழை இதைவிட வேடிக்கையானது. 1905-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் என்பவர் ஒருவகை ரீலுக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். நரம்பு சுற்றியிருக்கும் உருளை சுழலாமல் நிலையாக நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வழுவிப் போகும்படியான அமைப்பு அது. இன்று கடைகளில் புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கொடுக்கப்படும் ரீல் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இது கம்புக்குக் கீழே தொங்கவேண்டும். நரம்பு செல்லும் வளையங்களும் கீழ்நோக்கியிருக்கவேண்டும். புதிதாக வாங்கினவரோ அதைக் கம்புக்கு மேலே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டு, தமக்கு எல்லாம் தெரியும் என்ற முகத்தோடு கரையில் நிற்பார். வேறு சிலர் வளையங்களில் நரம்பைக் கோக்கும்போது நடுவே ஒன்றைத் தவறவிட்டு, தக்கை, ஈயக்குண்டு, முள் எல்லாம் கட்டி முடித்தபின் கண்டுபிடிப்பார்கள். எல்லாவற்றையும் வெட்டியெறிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். இன்னும் சிலர் கம்பைக் கரையில் சும்மா சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கப்போவார்கள். திரும்பி வரும்போது மீன் கம்பையும் ரீலையும் சேர்த்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

இப்போது அந்தத் தலைகீழ் ரீல்காரரிடம் பக்கத்தில் நிற்கும் ஒரு சிறுபையன், "அண்ணே, ரீலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்" என்று சொல்லுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன. "எங்களூரில் இப்படித்தான் பிடிப்போம்" என்று சொல்லி அப்படியே நாள்முழுதும் நிற்கலாம். அல்லது சிரித்துக்கொண்டே, "நல்லவேளை சொன்னாய், தம்பி" என்று கம்பைத் திருப்பிப் பிடிக்கலாம். இரண்டாமவருக்கு வெட்கம் ஒரு நிமிஷம். அதன்பின் நாள் அவருடையது. முதலாமவர் அந்த ஒரு நிமிஷ வெட்கத்துக்குப் பயந்து முழுநாளையும் இழந்தார்.

பிரியமானவர்களே, நமது ஆத்தும காரியத்திலும் அநேகர் இந்த முதலாமவரைப்போலவே நடந்துகொள்ளுகிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை வருவதற்கு நமக்குத் தடையாயிருப்பது பெரும்பாலும் பாவத்தின்மேலுள்ள ஆசையன்று, வெட்கந்தான். பாவம் செய்யும்போது வெட்கம் எங்கேயோ ஒளிந்துகொள்ளுகிறது. அதைச் சொல்லவேண்டிய வேளையில்தான் முன்னால் வந்து வழிமறிக்கிறது.

இனி, ரீலைப்பற்றி இன்னும் இரண்டு காரியங்கள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நரம்பை ரீலில் சுற்றுமுன் அதன் அடிநுனியை உருளையோடு இறுகக் கட்டவேண்டும். இதை மறந்து சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. இக்காலத்தில் பின்னல் நரம்பு என்று ஒன்று வந்திருக்கிறது. மெல்லியது, மிகுந்த பலமுள்ளது, ஆனால் வழவழப்பானது. அதைக் கட்டினாலுங்கூட, வெறும் உருளையின்மேல் சுற்றினால் இழுக்கும்போது முழுச் சுற்றும் அப்படியே வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் சாதாரண நைலானைச் சுற்றியோ, ஒட்டுநாடா ஒட்டியோ அதன்மேல் சுற்றினால்தான் பிடிப்பு உண்டாகும். வெளியே பார்த்தால் இரண்டு ரீலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிறைய நரம்பு, நேர்த்தியான சுற்று. ஜெபமாலையும் நவநாளும் திருநாள் சப்பரமும் நம்மிடத்தில் சுற்றுச்சுற்றாய் நிறைந்திருக்கலாம். அடியிலே மனது சர்வேசுரனோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதைச் சோதனை வந்து இழுக்கும் நாளில்தான் அறிவோம்.

இரண்டாவது, ரீலில் டிராக் என்று சொல்லப்படும் ஒரு திருகு உண்டு. மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதற்கான ஏற்பாடு அது. நரம்பு எவ்வளவு பாரத்தில் அறுமோ அதில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே அதை வைக்கவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 6 கிலோ தாங்கும் நரம்பானால் ஒன்றரை கிலோ முதல் 2 கிலோ இழுப்புக்கே அது விட்டுக்கொடுக்கத் தொடங்கவேண்டும். புதிதாகத் தூண்டில் பிடிப்பவர் என்ன செய்கிறார்? விட்டுக்கொடுத்தால் மீன் போய்விடுமே என்று பயந்து, திருகை முடிந்தமட்டும் இறுக்கிவைக்கிறார். மீன் ஒரே பாய்ச்சல் பாய்கிறது. பட்டென்று சத்தம். கையில் இலேசான கம்பு.

இதைப் படிக்கும் தகப்பன்மாரே, கொஞ்சம் நில்லுங்கள். மகனோடு வருஷக்கணக்காய்ப் பேச்சில்லாத தகப்பன் எந்தப் பங்கில்தான் இல்லை? "அவன் கெட்டுப்போனான், என் சொல்லைத் தட்டினான், சேர்க்கை சரியில்லை" என்று அந்தத் தகப்பன் சொல்லும் கதையைப் பத்து வீட்டார் கேட்டிருக்கிறார்கள். சொல்லச்சொல்ல மகனுடைய குற்றம் முழமாகவும் இரண்டு முழமாகவும் வளருகிறது. அது பொய்யென்று நான் சொல்லவில்லை, மகன்மேலும் குற்றமிருக்கலாம். ஆனால், ஐயா, உம்முடைய கையில் மிஞ்சியிருக்கும் நரம்பின் நுனியை ஒருநாளாவது பார்த்தீரா? திருகை இறுக்கிவைத்தது யார்? அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினபோது, ஒரு சாண் நரம்பாவது விட்டுக்கொடுத்தீரா? அன்பினால் நனைக்காமல் கோபத்தில் வெடுக்கென்று இழுத்த முடிச்சு எத்தனை? விட்டுக்கொடுப்பது வேறு, விட்டுவிடுவது வேறு. நல்ல தூண்டில்காரர் நரம்பை விட்டுக்கொடுக்கும்போதும் கம்பைக் கைநழுவ விடுவதில்லை.

மகன்மாருக்கும் இதே கேள்விதான். மாமியாருக்கும் மருமகளுக்கும், பாகப்பிரிவினையில் பிரிந்த அண்ணன் தம்பிமாருக்கும் இதே கேள்விதான். உறவு அறுந்த கதையை எல்லாரும் சொல்லுகிறோம். தன் பக்கத்து நுனியைப் பார்த்தவர் எத்தனைபேர்?

இனி, சுவிசேஷத்திலே நாம் காணும் மீன்பிடிகாரரைப் பார்ப்போம். அர்ச்சியசிஷ்ட இராயப்பரும் அவருடைய கூட்டாளிகளும் கம்பும் ரீலும் அறியாதவர்கள், வலைக்காரர்கள். அக்காலத்து வலை ஆளிநாரினால் நெய்த லினன் நூல் வலை. தினந்தோறும் கழுவி உலர்த்தாவிட்டால் உளுத்துப்போகும். ஆகவேதான் அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் 5-ம் அதிகாரத்தில், ஆண்டவர் வரும்போது அவர்கள் வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தில், செபதேயுவின் குமாரராகிய இயாகப்பரும் அருளப்பரும் படவிலிருந்து வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். 1986-ம் ஆண்டில் கலிலேயாக் கடலில் தண்ணீர் வற்றியபோது கரைச்சேற்றில் ஒரு பழைய படவு அகப்பட்டது. ஏறக்குறைய 8 மீட்டர் நீளம். நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்தையொட்டியது என்று ஆராய்ச்சியாளர் கண்டார்கள். அதிலே பலவகை மரத்துண்டுகளை வைத்து மறுபடி மறுபடி ஒட்டுப்போட்டிருக்கிறது. யாருடைய படவென்று நமக்குத் தெரியாது. ஆனால் ஓட்டை இருக்கிறதென்று ஒத்துக்கொண்டு அதை அடைக்க வெட்கப்படாத மனிதருடைய படவு அது என்பது தெரிகிறது.

அன்று இராயப்பருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். இராமுழுதும் பாடுபட்டு ஒன்றும் அகப்படவில்லை. வலையைக் கழுவியாயிற்று. கரையிலே ஜனக்கூட்டம். அப்போது தச்சருடைய வீட்டிலே வளர்ந்த சேசுநாதர், மீன்பிடித்தொழிலில் பழுத்த இராயப்பரிடம், ஆழத்தில் வலை போடும்படி சொல்லுகிறார். கழுவின வலையை மறுபடி அழுக்காக்கவேண்டும். எல்லார் கண்முன்னும் மறுபடி வெறும் வலையை இழுக்க நேரிடலாம். இராயப்பர் அந்த வெட்கத்துக்குப் பயப்படவில்லை. அவருடைய வார்த்தையை நம்பி வலையைப் போட்டார். வலை கிழியும்படியாக மீன் நிறைந்தது. அப்பொழுது அவர் தம்முடைய வலையையும் கைத்திறமையையும் பற்றிப் பெருமை பேசினாரா? இல்லை. சேசுநாதருடைய பாதத்தில் விழுந்து, தாம் பாவியென்று அறிக்கையிட்டார். பெருமைப்பட நியாயமிருந்த வேளையிலும் தம்முடைய நுனியையே பார்த்தார்.

சுவிசேஷத்தில் தூண்டிலும் ஒரேயொரு இடத்தில் வருகிறது. தேவாலய வரி செலுத்தும்படி, இராயப்பர் கடலுக்குப் போய்த் தூண்டில் போட்டு, முதலில் அகப்படும் மீனின் வாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிட்டதாக அர்ச். மத்தேயு 17-ம் அதிகாரத்தில் எழுதுகிறார். இரண்டுபேருக்குப் போதுமான வெள்ளிக்காசு அதிலிருக்கும் என்றார். படவும் பெரிய வலையும் வைத்திருந்த மனிதரைச் சிறுபிள்ளையைப்போல ஒற்றை முள்ளோடு கரையில் உட்காரும்படி அனுப்பினார் பாருங்கள்! திருச்சபையின் தலைவராகப்போகிறவருக்கு இந்தத் தாழ்ச்சியும் வேண்டியிருந்தது.

கடைசியாக, அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 21-ம் அதிகாரம். பிரதான குருவின் முற்றத்தில் கரிநெருப்பண்டை நின்றுகொண்டு இராயப்பர் ஆண்டவரை மூன்றுமுறை மறுதலித்திருந்தார். உயிர்த்தெழுந்த சேசுநாதர் கடற்கரையிலே மறுபடியும் கரிநெருப்பு மூட்டிவைத்துக் காத்திருந்தார். 153 பெரிய மீன்கள் நிறைந்தும் அன்று வலை கிழியவில்லை. போஜனம் முடிந்தபின், தம்மை நேசிக்கிறாயா என்று மூன்றுமுறை கேட்டார். மறுதலித்த கதையை அவர் எடுத்துப் பேசவில்லை. ஏன் செய்தாய் என்று கடிந்துகொள்ளவுமில்லை. அறுந்த நுனியை இராயப்பரே பார்க்கும்படி செய்து, மூன்று அவிழ்ந்த முடிச்சுக்கு மூன்று புதிய முடிச்சுப் போட்டுக்கொடுத்தார். அதற்குப்பிறகு அந்த நரம்பு அறவேயில்லை. ரோமாபுரியில் வேதசாட்சியாய் மரிக்கும்வரையில் தாங்கிற்று.

நரம்பு அறுந்துபோனால் தூண்டில்காரர் செய்யவேண்டியதும் இதுவே. நைந்த பாகத்தைக் கொஞ்சமும் ஆசைப்படாமல் வெட்டியெறிந்துவிட்டு, நல்ல நரம்பு வந்த இடத்தில் நனைத்துப் புதுமுடிச்சுப் போடவேண்டும். நைந்ததை வைத்துக்கொண்டு அதன்மேலேயே முடிச்சுப் போடுகிறவர் அடுத்த மீனையும் இழப்பார். பாவசங்கீர்த்தனத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கிறவர்களும் இப்படியே.

தூண்டிலைப்பற்றி இங்கிலீஷ் பாஷையில் அச்சான மிகப் பழைய நூல் 1496-ம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியர்மடத் தலைவி அதை எழுதினதாகப் பாரம்பரியம். ஆராய்ச்சியாளர் சிலர் அதைச் சந்தேகிக்கிறதுமுண்டு. கம்பு செய்வதும், குதிரைவால் முடியைத் திரிப்பதும், தையல் ஊசியைக் காய்ச்சி வளைத்து முள்ளாக்குவதும் அதிலே விவரமாயிருக்கிறது. அதோடு, ஏழையின் தண்ணீரில் அவன் உத்தரவின்றி மீன் பிடிக்கலாகாது, பிறர் வேலியைப் பிரிக்கலாகாது, திறந்த கதவைச் சாத்திவிட்டுப் போகவேண்டும், பேராசையோடு அளவுக்குமிஞ்சிப் பிடிக்கலாகாது, ஜெபத்தை மறக்கலாகாது என்ற புத்திமதிகளும் உண்டு. நம் வாலிபர்களுக்கு நான் இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன். வெட்டியெறியும் நைலான் துண்டைக் கரையில் போடாதேயுங்கள். அது எளிதில் மக்காது, பறவைகளின் காலைச் சுற்றிக்கொள்ளும். மின்சாரக் கம்பிகள் செல்லும் இடத்தில் கம்பை உயர்த்தாதேயுங்கள். இக்காலத்துக் கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மற்றப் பிழைகளுக்கு வெட்கமே தண்டனை; இதற்கோ உயிரே விலை.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரம் ஒவ்வொரு நாள் இரவும் ஜெபம் சொல்லிப் படுக்குமுன் மூன்று நிமிஷம் ஆத்தும சோதனை செய்யுங்கள். அன்று அறுந்தது எது என்று கேளுங்கள்: ஒரு நல்ல வார்த்தையா, ஒரு பொறுமையா, ஒரு சிநேகிதமா? மற்றவன் எவ்வளவு பலமாய் இழுத்தான் என்பதைச் சற்று மறந்துவிட்டு, உங்கள் கையிலிருக்கும் நுனியை மட்டும் பாருங்கள். சனிக்கிழமை மாலை வழக்கம்போலக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கப்படும். வெட்கமாயிருந்தாலும் வாருங்கள், கொஞ்சநேர வெட்கந்தான். மகனோடு பேச்சில்லாத தகப்பன் வருவாரேயாகில், வீட்டுக்குத் திரும்பும் வழியிலே அவனைத் தேடிப்போய், "சாப்பிட்டாயா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். புதுமுடிச்சுக்கு அவ்வளவு போதும்.

சேசுநாதருடைய சமாதானம் உங்கள் எல்லார் வீட்டிலும் தங்குவதாக. ஆமென்.